நலம் விசாரிக்கும் பாடம்

அந்தக் கல்லூரியின் மூன்றாம் மாடியில் காலை ஒன்பது மணிக்கு மேல் தமிழில் வாய் திறந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளை மூன்று மாதம் அந்த ஊர் மொழியிலேயே முக்கி எடுக்கிற வகுப்பு அது. மேசைகளை இழுத்துப் போட்டு ஒரு மூலையை வங்கி என்பார்கள், இன்னொரு மூலையை ஆஸ்பத்திரி என்பார்கள். டீச்சரே வங்கிக்காரியாகவும் வீட்டுக்காரியாகவும் மாறி மாறி நின்று பிள்ளைகளை வறுத்தெடுப்பார்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்த பாடம் ஒன்று உண்டு. முதல் நாள், ஒன்பது அடிப்பதற்குள், தமிழிலேயே சொல்லிவிடுவார். "அங்க 'எப்படி இருக்கே'ன்னு கேட்டா அது கேள்வியே இல்ல. சிரிச்ச முகமா 'நல்லா இருக்கேன்'னு சொல்லிட்டு நகர்ந்துடணும். சொந்தக் கதைய அவுத்துவிட்டா மறுபடி ஒருத்தரும் பக்கத்துல வரமாட்டாங்க."

போன வருஷம் ஒருவன் இருந்தான். பட்டப்பெயர் புலம்பல். எப்படி இருக்கிறாய் என்றால் போதும், பல்வலி, பக்கத்து வீட்டு நாய், அறுந்துபோன சட்டைப் பொத்தான் என்று ஆரம்பித்துவிடுவான். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். டீச்சர் விடுவாரா? நாற்பது நாள் அவனை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். கடைசியில் அவனும் அழகாகச் சிரித்து, "நல்லா இருக்கேன்" என்று அந்த மொழியில் சொல்லிவிட்டு நகர்ந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கு டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த வியாழக்கிழமை புலம்பலின் அப்பா வந்தார். லிஃப்ட் மெக்கானிக். மகன் அங்கே நிமோனியாவில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. விடுதிக் காப்பாளர் அனுப்பிய கடிதம் அந்த மொழியில் இருந்தது. படித்துச் சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் டீச்சர்தான்.

டீச்சர் வரிவரியாகச் சொன்னார். பதினொரு நாள் இருமலாம். வாசலில் பார்க்கும்போதெல்லாம் காப்பாளர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாராம். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே நல்லா இருக்கேன் என்றானாம். கடைசி நாள் காலையிலும் அப்படித்தானாம்.

"அவனா? முள்ளு குத்தினாக்கூட மூணு நாள் சொல்லுவானே. அங்க போய் எப்படி மாறினான், டீச்சர்?"

மழுப்பியிருக்கலாம். டீச்சருக்கு மனசு வரவில்லை. "அங்க போய் மாறல. இங்கதான் மாறினான். நான்தான் மாத்தினேன்" என்று எல்லாவற்றையும் சொன்னார்.

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "போன்ல எங்கிட்டயும் அதையேதான் சொன்னான். பொறுப்பு வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது டீச்சருக்கு.

மறுநாள் இந்த வருஷக் கும்பலுக்குக் கடைசி வகுப்பு. இருபத்திரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை விமானம். மணி பத்தாகியும் டீச்சர் தமிழில்தான் பேசினார்.

"நான் சொல்லிக்குடுத்தது தப்புப்பா. முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. கேக்கறவங்க ஓடினா ஓடட்டும், இன்னொருத்தர்கிட்ட சொல்லுங்க. இப்ப எங்கிட்டயே சொல்லிப் பாருங்க."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கு மேல் டீச்சர் தமிழ் பேசுகிறார் என்றால் சும்மாவா? சரியான பொறி.

முன் வரிசைப் பெண்ணுக்குக் கண் வீங்கியிருந்தது. காலையில் மாடிப்படியில் அவள் அழுதுகொண்டிருந்ததை டீச்சரே பார்த்திருந்தார். "நீ சொல்லும்மா. எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்" என்றாள் அந்த மொழியில், சிரித்த முகமாக.

"பரீட்சை இல்லம்மா இது. நெஜமாவே கேக்கறேன்."

அவள் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சிரித்து, அதையே சொன்னாள்.

டீச்சர் அடுத்தவனிடம் போனார். அதற்கடுத்தவளிடம் போனார். கெஞ்சினார். பாதி வழியில் குரல் உடைந்து அழுதேவிட்டார். டீச்சர் எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று பின்வரிசையில் ஒருவன் வியந்துபோனான்.

இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.