மிதி, பிடி, விடு

“மிதி.”

“மிதிச்சிட்டேன்.”

“புடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத.”

“கால் மரத்துப் போச்சுங்க.”

“நல்லதுதான். மரத்த கால் ஆடாது. ம், விடு.”

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த பேச்சு. அவள் ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அவர் முன்சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்கை விரித்துக் கீழே மல்லாந்து கிடந்தார். அவள் இருந்த இடத்திலிருந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரிந்தது. பேச்சு முழுக்க அந்தப் பாதங்களோடுதான்.

இன்றைக்கும் அந்தப் பாதங்கள்தான் கண்ணுக்கு நேரே இருந்தன. முன்னறையில், போர்வைக்கு வெளியே, குதிகாலில் இன்னும் போகாத கிரீஸ் கறையோடு. யாராவது போர்வையை இழுத்து மூடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி நழுவிவிடும். நாலு மணிக்கு எடுத்துப் போக வண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது மணி இரண்டரை.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லி அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவள் தலையாட்டினாள். தலைதான் ஆடியது. மனசு ஒரே இடத்தில், அந்த பிரேக்கில், கட்டி வைத்த மாதிரி நின்றது.

அவர் மலைமேல் இருக்கும் குடிநீர்த் தொட்டிக்கு பம்ப் ஆபரேட்டர். போகிற வழியில் ஓர் ஓடை, அதற்கப்புறம் ஏழு வளைவுகள். முப்பத்து நாலு வயது ஜீப் அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த ஜீப்புக்குத்தான் செல்லம் அதிகம். “என் சக்களத்திக்கு இன்னைக்கி எண்ணெய்க் குளியலா?” என்று அவள் கேட்பாள். “மூத்தவ இல்லையா, முதல்ல அவளுக்கு” என்பார் அவர்.

மூத்தவளுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. முன்சக்கரங்களில் பழைய காலத்து டிரம் பிரேக். ஓடையில் நனைந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காது. ஒன்று சும்மா இருக்கும், இன்னொன்று வெடுக்கென்று இழுக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தம்பி, சொந்தமாக ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக், அவளை ஏற்றிக்கொண்டு அந்த ஓடையைக் கடந்தான். அவசரப்பட்டு பிரேக் மிதித்தான். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. அவளுடைய இடது மணிக்கட்டு அன்றைக்குக் கோணியதுதான், இன்னும் நேராகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு தம்பியிடம் சொன்னார். “நானா கூப்புடற வரைக்கும் இந்த கேட்டைத் தாண்டி நீ காலெடுத்து வைக்கக் கூடாது.”

அவர் கூப்பிடவே இல்லை. அவனும் வரவில்லை.

டிரம்மைத் தூக்கிவிட்டு டிஸ்க் பிரேக் போட வேண்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாமான்கள் ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தன. ஊரில் இந்த வேலை தெரிந்தவன் ஒருத்தன்தான். அவனிடம் போக மனசில்லாமல் தானே மாட்டினார். நாள் பூராவும் வேலை. கடைசியில் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். மேலே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றையும் ஆயிலையும் வெளியே விட்டு மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

அவள் ஒரு தடவை முந்தி எடுத்துவிட்டாள்.

அடுப்பில் குக்கர் கத்தியது. மூன்றாவதா நாலாவதா என்று திரும்பிய நொடியில் கால் தானாக மேலே வந்துவிட்டது. சட்டென்று மறுபடி மிதித்தாள். கீழேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இருட்டும்வரை மிதித்தும் பெடல் பஞ்சு மூட்டை மாதிரியே அமுங்கியது. “எங்கயோ கொஞ்சம் காத்து மாட்டிக்கிச்சு” என்றார் அவர். அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை மிதித்து ஓட்டிக்கொண்டு போனார். போன வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “பெடல் கல்லு மாதிரி ஆயிருச்சு” என்றார்.

“எப்படிங்க?”

“தானா சரியாயிருச்சு.”

காற்று தானாக எப்படிப் போகும்? கேட்டிருக்கலாம். கேட்டால் குக்கர் கதை வெளியே வந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். நேற்று சனிக்கிழமை. இறக்கத்தில் நாலாவது வளைவில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

“தானா சரியாச்சாமா? நல்லாருக்கே கதை” என்றாள் பக்கத்தில் இருந்த நாத்தனார், அவருக்கும் தம்பிக்கும் மூத்தவள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தாலும் நாக்கு கட்டவில்லை. “வியாழக்கிழமை நான் பஸ்ல போறப்ப பாத்தேனே. சின்னவன் ஷெட்டுகிட்டதான் ஜீப்பு நின்னுது. சின்னவன் வண்டிக்கடியில கெடந்தான்.”

அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?”

“அண்ணனும் தம்பியும் ராசியாயிட்டாங்கன்னு நெனச்சேன். நாம வாயத் தொறந்து ஏன் கெடுக்கணும்? நம்ம வாய்தான் ஊரறிஞ்ச வாயாச்சே.”

அதற்குள் தண்ணீர் லாரி டிரைவர் உள்ளே வந்தார். அவரைக் கண்டெடுத்தவர் இவர்தான். ஜீப்பை லாரியில் கட்டி இழுத்து வந்து தெருவில், கேட்டுக்கு வெளியே விட்டிருந்தார். கையில் ஜீப் சாவியும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன. டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

“அக்கா, இது அவரு சீட்டுல இருந்துச்சு.”

“வண்டி எப்படி நின்னுது?” என்று கேட்டாள்.

“மேட்டுப் பக்கமா ஒதுங்கி, மண்ணுல மூக்க முட்டிக்கிட்டு.”

“முட்டிக்கிட்டா?”

“லேசாத்தாங்க்கா. கைப்பிரேக் இழுத்திருந்துச்சு. அவரு ஸ்டியரிங் மேல தலைய வச்சு, தூங்கற மாதிரி...”

மீதியை அவள் கேட்கவில்லை. கைப்பிரேக்கை ஏன் இழுக்க வேண்டும்? கால்பிரேக் பிடிக்கவில்லை என்றால்தானே. பிரேக் இல்லாத வண்டியை நிறுத்த மண்ணில்தானே முட்ட வேண்டும். அந்தப் பயத்தில்தானே நெஞ்சு நின்றிருக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் கால் உள்ளே விட்டது ஒரு பொட்டுக் காற்று. தம்பி கை வைத்தது வண்டி பூராவும். இரண்டில் எது பெரிசு? அவன் கைதான் என்று ஆகிவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அப்படி ஆசைப்படுவது அவளுக்கே தெரிந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காலையிலிருந்து தம்பி தெருவிலேயேதான் இருந்தான். அண்ணன் முகத்தைப் பார்க்க உள்ளே வரவில்லை. நாற்காலி போட்டிருந்த பக்கம்கூட வரவில்லை. ஜீப்பையே சுற்றிச் சுற்றி வந்தான். இப்போது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு எதையோ தடவிக்கொண்டிருந்தான். பின்பாக்கெட்டில் துருத்திக்கொண்டு ஒரு ஸ்பேனர்.

“பாரு, கூடப் பொறந்தவன் உள்ள கெடக்கான். இவன் இரும்பக் கட்டிக்கிட்டு அழறான்” என்றாள் நாத்தனார்.

அழுகிறானா, அழிக்கிறானா? அவள் எழுந்தாள்.

“எங்க போற?”

“கொஞ்சம் வெளிய நின்னுட்டு வரேன்.”

கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் அவன் விருட்டென்று எழுந்தான். கையில் இருந்த டார்ச்சை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். இரண்டு முழங்காலிலும் மண். ஆறு வருஷத்தில் காதோரம் பூராவும் நரைத்திருந்தது.

“என்ன பண்ற?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“ஒண்ணுமில்லாததுக்கு ஸ்பேனர் எதுக்கு?”

 அவள் சக்கரத்து நட்டுகளைப் பார்த்தாள். பழைய துருவின் நடுவே ஒவ்வொன்றின் விளிம்பிலும் புதுசாகப் பளபளவென்று கீறல்.

“வியாழக்கிழமை வண்டி உன் ஷெட்டுல நின்னுதாமே.”

“ஷெட்டுல இல்ல. எதிர்ல, ரோட்டுல.”

“தொட்டியா?”

“தொட்டேன்.”

இத்தனை சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.  அவனே சொன்னான்.

“அண்ணன் வந்து ஆரன் அடிச்சான். எறங்கல. நான் வெளிய வந்தேன். பெடலக் காட்டினான். கைய விட்டு அமுக்கிப் பாத்தேன், பஞ்சு மாதிரி போச்சு. சக்கரத்தக் கழட்டிப் பாத்தா, டிஸ்க்கக் கவ்விப் புடிக்கற காலிப்பர் ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டிருக்கான். இடப்பக்கத்தது வலப்பக்கம், வலப்பக்கத்தது இடப்பக்கம்.”

“அதனால?”

“பக்கம் மாறினா தலகீழாயிரும் அண்ணி. நிப்பிளு கீழ போயிரும். காத்து எப்பவும் மேலதான் போய் நிக்கும். நிப்பிளு கீழ இருந்தா நூறு தடவ மிதிச்சாலும் ஆயிலு வரும், காத்து வராது. எல்லாம் சரியா மாட்டியிருக்கான், ஒரு போல்ட்டுல குத்தம் சொல்ல முடியாது. இந்த ஒண்ணுதான். பெட்டியில எடுத்த வரிசையில மாட்டிட்டான் போல.”

அவள் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஒரு தடவ முன்னாடியே காலை எடுத்துட்டேன்” என்றாள்.

“எப்ப?”

“அன்னைக்கி. குக்கர் கத்திச்சு. அவருகிட்ட சொல்லல.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் எதற்காக இதைச் சொல்கிறாள் என்பது அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

“அந்தக் காத்து அடுத்த மிதியிலயே போயிருக்கும் அண்ணி. மிதிச்சவங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. இரண்டு பேரும் அதற்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

“ரெண்டையும் மாத்திப் போட்டேன்” என்றான் அவன். “காத்து எடுக்கணுமே. அண்ணன் மேல, நான் கீழ. மிதின்னேன், மிதிச்சான். புடின்னேன், புடிச்சான். விடுன்னேன், விட்டான். ஆறு வருஷத்துல நாங்க பேசுனது அவ்வளவுதான். அரை மணி நேரம் அதையே பேசிக்கிட்டிருந்தோம். பெடல் கல்லா நின்னுது. போறப்ப கண்ணாடியில என்னைப் பாத்தான். ஏதோ சொல்லுவான்னு நெனச்சேன். சரின்னு மட்டும் சொன்னான்.”

“அப்பறம் இப்ப என்ன தேடற?”

“நான் விட்டது எதையாவது.” ஒளித்த டார்ச்சை முன்னால் கொண்டுவந்தான். “ஓஸ் வெடிச்சிருக்குமா, ஒரு போல்ட்ட முறுக்காம விட்டிருப்பேனான்னு... ஏற்கெனவே ஒரு தடவ உங்க கைய ஒடச்சவன் அண்ணி நான். காலையிலருந்து பாக்கறேன். பம்பர் மடங்கல, மண்ணு மட்டும் ஒட்டியிருக்கு. ஆயிலு கொறையல. எங்கயும் ஈரமில்ல. ஆனா மிதிச்சுப் புடிக்கறப்ப கசியுதான்னு பாத்தாத்தான் முழுசாத் தெரியும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும்.” உள்ளே நாற்காலிகளில் இருந்தவர்களைப் பார்த்தான். “யாரைக் கூப்புடறதுன்னு தெரியல.”

அவள் ஜீப்பின் கதவைத் திறந்தாள். கோணலான இடது கையைக் கதவில் ஊன்றி, வலது கையால் ஸ்டியரிங்கைப் பற்றி ஏறினாள். இருக்கை அவருடைய கனத்துக்குக் குழிந்திருந்தது. புடவையை ஒதுக்கிவிட்டுக் காலை நீட்டினாள்.

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருவிலேயே படுத்தான். சாக்குகூட விரிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது.

“மிதிங்க அண்ணி.”

மிதித்தாள். கால் ஒரு விரற்கடை இறங்கியது. அதற்குமேல் இறங்கவில்லை. கல்லு மாதிரி என்று அவர் சொன்னது அப்படியே இருந்தது. இன்னும் அழுத்தினாள். மூன்று வாரமாக அவளுக்குள் அமுங்கிக்கொண்டே போன ஏதோ ஒன்று, அந்த இடத்தில் போய் நின்றது. அப்படியானால் அவர் பிரேக் பிடிக்காமல் போய் மண்ணில் மோதவில்லை. நெஞ்சு வலித்ததும் ஓரமாக ஒதுக்கி, பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் தலையைச் சாய்த்திருக்கிறார். வழியில் எவனுக்கும் இடைஞ்சல் இல்லாமல்.

“புடிச்சுக்குங்க.”

“புடிச்சிருக்கேன்.”

டார்ச் வெளிச்சம் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குப் போயிற்று. திரும்பி வந்தது. அணைந்தது.

அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கேட்டுக்கு மேலாக முன்னறை தெரிந்தது. நாத்தனார் எழுந்து போர்வையை இழுத்துப் பாதங்களை மூடிவிட்டு உட்கார்ந்தாள். அது மெல்ல மறுபடி நழுவியது.

கால் மரத்துக்கொண்டு வந்தது. அவள் எடுக்கவில்லை. கீழேயிருந்து ‘விடு’ வரும் என்று காத்திருந்தாள். ஜீப்புக்கு வெளியே கிடந்த கால்கள் அசையவே இல்லை. ஒரு செருப்பின் அடியில் தார் ஒட்டியிருந்தது.

“கசியுதா?” என்று கேட்டாள்.

“இல்ல அண்ணி.”

அப்புறமும் அவன் விடச் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் ஜீப்புக்கு அடியிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“அண்ணி, நான் உள்ள வந்து அண்ணன ஒரு தடவ பாக்கட்டுமா?”