வாய்மொழித் தேர்வு

“நீ தாராளமா போம்மா. உன்ன இன்னா கட்டியா வச்சிகினு இருக்கோம்? பாப்பா மட்டும் இங்கயே இருக்கட்டும்.”

சொல்லிக்கொண்டே பார்வதம், மருமகளின் இடுப்பிலிருந்த குழந்தையைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஸ்ரீவர்ஷினி பையும் கையுமாக வாசலிலேயே நின்றாள்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் படித்தது சர்வதேச மனிதாபிமானச் சட்டம். இன்று ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. அதோடு படிப்பு முடிகிறது. அதில் அவளைச் சேர்த்துவிட்டதே கணவன் கோதண்டபாணிதான். தினமும் வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுவான். அரக்கோணம் சாலையில் லாரி மோதி அவன் இறந்ததும் படிப்பு பாதியில் நின்றது; பிறகு அவள் பிடிவாதமாக அதைத் தொடர்ந்தாள். அவன் இருந்தவரை வீட்டுக்குப் பெருமையாக இருந்த ரயில் பயணம், அவனுக்குப் பின் ஊர் சுற்றலாகிவிட்டது.

போன மாதம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது வீட்டில் குழந்தை இல்லை. நாத்தனார் பொதட்டூர்பேட்டையில் இருக்கும் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். ஸ்ரீவர்ஷினி ஒரு வாரம் சாப்பிடாமல் அழுது, மாமனார் காலில் விழுந்த பிறகுதான் குழந்தை திரும்பி வந்தது.

“அது இன்னாதாம்மா படிப்பு?” மாமனார் கஜபதி, லுங்கிக் கடைக்குக் கிளம்பாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், சாந்தமாகவே கேட்டார்.

“சண்டை நடக்கற எடத்துல மனுசங்கள எப்படி நடத்தணும்ன்ற சட்டம் மாமா. கைதிங்கள அடிக்கக்கூடாது. புள்ளைங்கள தாய்கிட்டருந்து பிரிக்கக்கூடாது. யாரையும் பணயமா புடிச்சி வைக்கக்கூடாது.”

பார்வதத்துக்குச் சுருக்கென்றது. “யார்றீ இங்க பணயம்? சோறு போடாமயா வச்சிகினு இருக்கோம்? படிச்சி முடிச்சதும் மெட்ராஸ்ல வேலைக்குப் போவ. நாளைக்கி ஒருத்தன கட்டிப்ப. எம்புள்ள ரத்தம் கண்டவன் வூட்ல வளரணுமா?”

கடைசியில் குரல் உடைந்தது. மகனைப் பறிகொடுத்தவளின் பயம் அது. அதில் பொய்யில்லை. அந்தப் பயத்துக்கு இன்னொருத்தியின் வாழ்க்கையை அடகு வைக்கலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது ஊர் வழக்கம்.

குழந்தையை விட்டுப் போகத் துணியாமல் அவள் நின்றதில் ரயில் போய்விட்டது. ஸ்ரீவர்ஷினி பேராசிரியைக்குப் போன் செய்து கெஞ்சினாள். வீடியோவிலேயே தேர்வு நடத்த அவர் ஒப்புக்கொண்டார்.

அன்றைக்குத்தான் கொழுந்தன் வேதாசலத்துக்குப் பெண் கொடுப்பவர்கள் நகரியிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். “அவங்க போறவரைக்கும் வெளிய தலை காட்டாத. நல்ல காரியம்” என்ற பார்வதம், மருமகளைப் பின்கட்டு அறைக்கு அனுப்பி வெளியே தாழ்போட்டாள். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கூடத்தில் மடியில் வைத்துக்கொண்டாள்.

அறையில் தேர்வு நடந்தது. கேட்டதற்கெல்லாம் அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். கடைசியாக வெளியூர்த் தேர்வாளர் கேட்டார்: “போர்க்கைதி தப்பிக்க முயன்று பிடிபட்டால்?”

“ஒழுங்கு நடவடிக்கை மட்டும் எடுக்கலாம் சார். தப்பிக்க முயன்றதற்காக மட்டும் குற்ற வழக்குப் போட முடியாது.”

“ஏன்?”

“அடைத்து வைத்தால் வெளியே போகத்தான் எவரும் பார்ப்பார்கள். சட்டம் அதைப் புரிந்துகொண்டிருக்கிறது.”

தேர்வாளர்கள் சிரித்தார்கள். சிறப்பாகத் தேறிவிட்டதாகச் சொல்லி வாழ்த்தினார்கள். திரை அணைந்தது. குழந்தையைத் தூக்கி ஒரு முத்தம் கொடுக்கவேண்டும்போல அவளுக்கு இருந்தது. ஞாபகமில்லாமல் கதவைத் தள்ளினாள். கதவு தடதடவென்று ஆடி நின்றது.

கூடத்திலிருந்து அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்த பெண்ணின் தாயார் கேட்டாள்: “இது என்ன ரூம் சம்பந்தி?”

“பழைய சாமான் போட்டு வச்சிருக்கோம். எலி உருட்டுது” என்றாள் பார்வதம்.

ஸ்ரீவர்ஷினியின் கை கதவிலேயே நின்றது. பொதட்டூர்பேட்டை நினைவுக்கு வந்தது. குழந்தையில்லாத அந்த ஒரு வாரமும் நினைவுக்கு வந்தது. பேசாமல் கட்டிலுக்குத் திரும்பிவிடலாம் என்று ஓரடி பின்னால் வைத்தாள்.

வெளியே, “அம்மா எங்க?” என்று குழந்தை கேட்டது.

அவள் திரும்பி வந்து கதவை நிதானமாகத் தட்டினாள்.

“எலி இல்லீங்க. நான் இந்த வூட்டு மூத்த மருமக. வெளிய தாழ் போட்டிருக்கு. உங்க பொண்ணு வாழ வர்ற வூடு. நீங்களே தொறந்து பாருங்க.”

“காத்துல தானா தாழ் வுழுந்து…” என்று கஜபதி என்னவோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு கதவுக்கு வெகு அருகில், “தள்ளுங்க சம்பந்தி” என்ற குரலோடு வளையல்கள் குலுங்கின. தாழ்ப்பாள் நகர்ந்தது.