கயிற்றுக்கு வெளியே ஒரு குழி

எங்கள் சங்கத்தில் யாராவது இறந்துபோனால், அவர் உலோகம் தேடும் கருவியோடு அலைந்து தோண்டியெடுத்த பழைய காசுகளில் குடும்பத்துக்கு வேண்டாததை வாங்கி, மறுபடியும் மண்ணிலேயே புதைப்போம். ஈஸ்டர் முகாமில், லாடன் ஆற்றங்கரை மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, காலையில் விசில் ஊதுவேன். எல்லோரும் கருவியோடு இறங்கித் தேடுவார்கள். கிடைத்த காசை எடுத்துக்கொண்டுபோய், போனவரின் பெண்டாட்டியிடமோ புருஷனிடமோ காட்டி, அவரைப் பற்றி ஒரு கதை சொல்லவேண்டும். சொன்னால் காசு சொன்னவருக்கு. வெளியாட்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். முன்பின் பார்த்திராத பாதிரியார் வந்து பேசுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

இந்த வருடம் வெர்னின் முறை. போன குளிர்காலத்தில் கொட்டகையில் தூண்டில் சுருளைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். அவன் மனைவி லோர்னா ஊறுகாய் ஜாடி நிறையப் பழைய ஷில்லிங் காசும் மூன்று பென்ஸ் காசும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். லோர்னா ஒருநாளும் கருவியைத் தொட்டதில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்து போடுவாள், லாமிங்டன் கேக் வெட்டுவாள், எங்களைப் பார்த்து, "குப்பை பொறுக்கிகளா, டீ ஆறுது" என்று கத்துவாள். அவ்வளவுதான்.

லோர்னாவைப் பற்றிச் சொல்ல வந்தால் நரெலைச் சொல்லாமல் முடியாது. நரெல் அவர்களுடைய ஒரே மகள். ஆறு வயதில், ஒரு ஈஸ்டர் விடுமுறையில், இதே ஆற்றில் கொஞ்சம் மேலே உள்ள வளைவில் கூடாரம் போட்டிருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் காணாமல் போனாள். போலீஸ் வந்தது, முக்குளிப்பவர்கள் வந்தார்கள், குதிரைமேல் ஆட்கள் புதரெல்லாம் தேடினார்கள். ஒரு துணி, ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. ஆறுதான் கொண்டுபோயிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எவனோ ஒருவன், அன்றைக்கு ரோட்டில் வெள்ளை வேன் ஒன்று நின்றதைப் பார்த்தேன் என்று சொல்லித் தொலைத்தான். லோர்னா அந்த வேனைப் பிடித்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு போனவர்கள் வளர்த்திருப்பார்கள், ஒருநாள் வருவாள் என்று. நினைவுப் பிரார்த்தனை கூடாது, கல் வைக்கக் கூடாது. வீட்டை விற்கவில்லை, தொலைபேசி எண்ணை மாற்றவில்லை. புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: லோர்னா முன்னால் நரெல் 'இருந்தாள்' என்று பேசினால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவேன் என்று. 'இருக்கிறாள்' என்றுதான் சொல்லவேண்டும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிவந்தோம்.

போலீஸ் தேடுவதை நிறுத்திய வருடம்தான் வெர்ன் கருவி வாங்கினான். காசு தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு சனி ஞாயிறெல்லாம் அந்த வளைவுக்கே போவான். பீர் கேன் மூடி, ஆணி, கரண்டி எல்லாவற்றையும் தோண்டிக்கொண்டு வருவான். பிறகு ஒரு வருடம் திடீரென்று ஆற்றுப் பக்கம் போவதையே விட்டுவிட்டு, கடற்கரைக்கு மட்டும் போக ஆரம்பித்தான். ஏன் என்றால், பாம்பு அதிகமாகிவிட்டது என்பான். "பாம்புக்குப் பயந்த கிழவன்" என்று நானும் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

அன்று காலை நாங்கள் மூன்று பேர் காசு புதைக்கக் கிளம்பியபோது, லோர்னா கைக்கரண்டியோடு வந்து நின்றாள்.

"நானும் புதைக்கிறேன். எம் புருஷன் காசு."

"கண்ணாடி இல்லாம உனக்குக் கிட்டத்துல ஒண்ணும் தெரியாதே. காசுன்னு நெனச்சு கல்லைப் புதைப்ப" என்றேன்.

"நீ வாயை மூடிக்கிட்டுக் கொடுடி."

ஒரு கைப்பிடி அள்ளி மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நிலத்தின் கடைக்கோடிக்கு, பெரிய யூகலிப்டஸ் மரம் நிற்கும் பக்கம் போனாள். கயிற்றைத் தாண்டாதே என்று கத்தினேன். கையைத் தூக்கிக் காட்டினாள். வெகுநேரம் அங்கேயே முட்டிபோட்டுக் குனிந்திருந்தாள். வெர்னை நினைத்து அழுகிறாள், தனியே அழட்டும் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விசில் ஊதியதும் ஆட்டம் களைகட்டியது. ஒரு பக்கம் கருவிகளின் சத்தம், இன்னொரு பக்கம் மரத்திலிருந்து மேக்பை பறவைகளின் சத்தம், நடுவில் எங்கள் ஆட்களின் வாய். லோர்னாவின் மேஜைக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் தங்கம் இருக்கிறது என்று தோண்டி, வெர்ன் அவர்கள் தண்ணீர்க் குழாயை உடைத்த கதையை ஒருவன் சொன்னான். "அதுக்கு நான் அவங்களுக்கு மூணு கேக் செஞ்சு கொடுத்தேன்" என்று லோர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம். எனக்கே மனசு லேசாகிவிட்டது.

அப்போதுதான் கோரி மரத்துப் பக்கமிருந்து வந்தான். மெல்போர்னில் டிராம் ஓட்டுகிறவன், சங்கத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான். முழங்கைவரை சேறு.

"டிரிஷ், செம வேட்டை! காசு இல்ல, வெள்ளி!"

"கயித்துக்கு அந்தப் பக்கம் போனியா?"

"ஒரே ஒரு அடி. மெஷின் அப்படிப் பாடுது, விட்டுட்டு வரச் சொல்றியா? நீயா இருந்தா விட்டுருப்பியா?"

விட்டிருக்கமாட்டேன்தான். எங்கள் ஆட்களில் எவரும் விட்டிருக்கமாட்டார்கள். பூமிக்குள்ளிருந்து சத்தம் வந்தால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது.

"எவ்வளவு ஆழத்துல போட்டிருக்கீங்க? முழங்கை வரைக்கும் கையை விட்டேன்" என்று அலுத்துக்கொண்டே கையை விரித்தான்.

குழந்தைகள் போடும் வெள்ளி வளையல். மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தேன். உள்பக்கம் ஒரு 'N'. அதன் பக்கத்தில் சின்ன நசுங்கல். அந்த வளையலை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் நரெல் காணாமல் போன வருடம் இந்த ஜில்லாவில் ஒவ்வொரு கடைக் கண்ணாடியிலும் ஒட்டியிருந்த அறிவிப்பில் அது இருந்தது. மணிக்கட்டில் வெள்ளி வளையல், உள்ளே N என்ற எழுத்து, கதவில் மாட்டி நசுங்கியது.

வெர்ன் ஏன் ஆற்றுக்குப் போவதை நிறுத்தினான் என்பது அந்த நிமிடம்தான் புரிந்தது. கிடைத்துவிட்டது. கிடைத்ததை ஜாடிக்குள் காசோடு காசாக ஒளித்து வைத்துவிட்டுச் செத்தும் போய்விட்டான். அரைக் கண்ணோடு லோர்னா அதைக் காசென்று நினைத்துப் புதைத்திருக்கிறாள். இப்போது இந்த முட்டாள் அதை அவள் மேஜைக்கே எடுத்துக்கொண்டு போகிறான்.

"அதை என்கிட்ட கொடு. பதிலுக்கு என் அரைப் பவுன் காசைத் தர்றேன்" என்றேன்.

"அரைப் பவுனா? அப்படின்னா இது எவ்வளவு பெறும்?"

"ஒண்ணும் பெறாது. கோரி, தயவுசெஞ்சு கொடுத்துடு. லோர்னா கண்ணுல மட்டும் இது படக்கூடாது."

என் முகத்தில் என்ன கண்டானோ, மறுபேச்சில்லாமல் கொடுத்தான். அரைப் பவுனும் வேண்டாம் என்றுவிட்டான். பழக்கதோஷத்தில், "குழியை மூடினியா?" என்று கேட்டேன்.

"மூடாம வருவேனா? புல்லைக்கூட அப்படியே வெச்சு மிதிச்சிருக்கேன். நீயே போனாலும் கண்டுபிடிக்க முடியாது."

வளையலைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெர்ன் இத்தனை வருடம் வாய்திறக்காமல் காப்பாற்றியதை நானும் காப்பாற்றிவிட்டேன் என்று, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

மத்தியானம் சாசேஜ் சுட்டுத் தின்று முடித்தபின் லோர்னா என் தோளைத் தட்டினாள்.

"டிரிஷ், கொஞ்சம் நடக்கலாமா? உனக்கு மட்டும் ஒண்ணு காட்டணும்."

நேராக மரத்துப் பக்கம் நடந்தாள். கயிற்றைத் தூக்கிப் பிடித்து என்னையும் குனிந்து வரச் சொன்னாள். இரண்டு பெரிய வேர்களுக்கு நடுவில் போய் நின்று, காலடியில் புல்லைக் காட்டினாள்.

"இங்கதான் நரெலை வெச்சிருக்கேன்."

என் கை தானாகப் பைக்குள் போனது.

"வெர்னோட தூண்டில் பெட்டியில இருந்துச்சு. அவன் போனப்புறம் துடைக்க எடுத்தேன். அடித்தட்டுல, அவன் கல்யாணக் கைக்குட்டைல சுத்தி, அவ வளையல். பாலிஷ் போட்டுப் பளபளன்னு வெச்சிருந்தான், பாவி. எத்தனை வருஷமா வெச்சிருந்தானோ. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் நான் ஓடுறதைப் பார்த்துக்கிட்டே டீ குடிச்சிருக்கான்."

"லோர்னா..."

"சொன்னா நான் செத்துருவேன்னு நெனச்சிருப்பான். செத்தும் இருப்பேன், அப்போ. மொதல்ல அவன் படத்தைச் சுவத்துல அடிச்சு உடைச்சேன். அப்புறம் நெனச்சேன், நான் வேனை வெச்சுக்கிட்டு அழுதேன், அவன் இதை வெச்சுக்கிட்டு அழுதிருக்கான். யாருகிட்டயும் சொல்ல முடியாம. அது இன்னும் கஷ்டம்தானே?"

அவள் மெதுவாக முட்டிபோட்டாள். நானும் போட்டேன். கோரி சொன்னது உண்மைதான், தோண்டிய சுவடே தெரியவில்லை. எங்கள் சங்கத்தில் சேரும் ஒவ்வொருவனுக்கும் நாங்கள் முதலில் கற்றுக்கொடுப்பது அதுதான். லோர்னா அந்தப் புல்லை உள்ளங்கையால் தடவினாள்.

"உடம்பு இல்லாட்டியும் அடக்கம் பண்ணிடலாம்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னப்ப, உயிரோட இருக்கறவளை எதுக்கு அடக்கம் பண்ணணும்னு கத்துனேன். இன்னைக்கு நீங்க எல்லாரும் அங்க காசு புதைக்கிறப்போ, நான் இங்க எம் பொண்ணைப் புதைச்சேன். முழங்கை வரைக்கும் தோண்டினேன். தெரிஞ்ச ஜெபத்தைச் சொன்னேன். அப்புறம் வந்து எல்லாரும் வெர்னைப் பத்திக் கதை சொன்னாங்க. அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னாங்கன்னு வெச்சுக்கிட்டேன்."

பைக்குள் என் விரல்கள் வளையலைப் பிடித்திருந்தன. அது சூடாக இருந்தது, என் உடம்புச் சூடு. சொல்லிவிடலாம், எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம், மறுபடியும் இரண்டு பேருமாகப் புதைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். காலையில் அடக்கம் செய்த குழந்தையை மத்தியானத்துக்குள் தோண்டியெடுத்துவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

"உங்க ஆளுங்க லேசுப்பட்டவங்க இல்ல. அதான் கயித்துக்கு இந்தப் பக்கமா வெச்சேன். இங்க வந்து யாரும் தோண்ட மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள்.

"மாட்டாங்க."

"சத்தியமா?"

"நான் இருக்கேன். ஒருத்தனும் தோண்ட மாட்டான்."

"போதும். இத்தனை வருஷம் அவ எங்கேன்னு தெரியாம, ராத்திரி மழை பெஞ்சா நனையிறாளோன்னு எழுந்து உட்காருவேன். இப்போ எங்கே இருக்கான்னு தெரியும்" என்றாள்.

பிறகு குனிந்து அந்த வெறும் புல்லிடம், "அம்மா போயிட்டு அப்புறம் வரேன், கண்ணு" என்றாள்.

அதைப் பக்கத்தில் மண்டியிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

பொழுது சாய்வதற்குள் லோர்னா வீட்டுக்குக் கிளம்பினாள். வண்டிக் கண்ணாடியை இறக்கி, வீட்டை விற்றுவிட்டுத் தங்கை ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னாள். அந்தத் தொலைபேசியை இன்றைக்கே பிடுங்கிப் போடப்போவதாகவும் சொன்னாள். வண்டி திரும்பும்வரை கையசைத்துவிட்டு, மண்வெட்டியையும் கருவியையும் எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனேன். மற்றவர்கள் நெருப்பைச் சுற்றி பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கோரி மட்டும் எழுந்து பார்த்தான். உட்கார் என்று கை காட்டினேன்.

புல்லை வெட்டி மடக்கிவிட்டு, கோரி தோண்டிய குழியையே தோண்டினேன். என் கழுத்துத் துணியில் வளையலைச் சுற்றி, முழங்கை ஆழத்துக்கும் கீழே வைத்து மூடினேன். லோர்னாவுக்கு என்ன ஜெபம் தெரியுமோ, எனக்குத் தெரிந்தது பாதிதான், அதைச் சொன்னேன். பிறகு கருவியை முடுக்கி, குழியின்மேல் இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்தேன்.

தெளிவாகப் பாடியது.

கயிற்றை எவ்வளவு தள்ளிக் கட்டினால் என்ன, அடுத்த ஈஸ்டருக்கு இன்னொரு கோரி வருவான். மறுபடி தோண்டினேன். வேர் குறுக்கே வந்தது, வெட்டினேன். குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டு வைத்தேன். மூடி வீசினேன். சன்னமாக, ஆனால் பாடியது. இத்தனை காலம் அந்தச் சத்தம் ஒன்றுக்காகக் கடற்கரை கடற்கரையாக, காடு காடாக அலைந்திருக்கிறேன். "போதும், வாயை மூடு, மூடித் தொலை" என்று அதைக் கெஞ்சிக்கொண்டே மூன்றாம் முறை தோண்டினேன். ஈரக் களிமண் வந்தது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. தலையே குழிக்குள் போகும் அளவுக்கு இறங்கி, நரெலை அங்கே வைத்தேன்.

மண்ணைத் தள்ளி, புல்லைப் பொருத்தி, மிதித்தேன். கருவியை எடுத்து இந்த வேரிலிருந்து அந்த வேர்வரை மெதுவாக வீசினேன். ஒரு முனகல்கூட இல்லை. இன்னொரு முறை வீசினேன். அங்கே யாருமே இல்லை என்றது கருவி. அதற்கப்புறம்தான் அழுதேன்.