ஓசெல்லா பெரியம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை

எங்கள் குடும்பக் கூடுகையில் சாப்பாட்டுக்கு முன் பெயர் கூப்பிடுவோம். முதலில் இறந்தவர்கள், ஒவ்வொரு பெயருக்கும் புல்லில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம். பிறகு இருப்பவர்கள், அவர்கள் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும்.

அம்மாவின் அக்கா ஓசெல்லாவின் பெயர் இரண்டிலும் வந்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே கல்லீரல் கட்டியில் இறந்துபோனார். அந்தக் கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அவை இன்றும் பெருகுகின்றன. எடுக்கலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து விஷயம் தெரிந்ததும் அம்மா சொன்னாள், "இன்னும் எங்கக்காவ முழுசா சாக விடல. அவளுக்கு எதுக்குத் தண்ணி?"

இந்த வருடம், அந்தச் செல்களை வைத்து ஆய்வு செய்யும் டாக்டர் ப்ரூயிட்டும் கூடுகை நடந்த நார்ஃபோக் பூங்காவுக்கு வந்திருந்தார். கூடுகைக்கு நாங்கள் எல்லோரும் போடும் ஊதா டி-ஷர்ட்டை டைக்கு மேலேயே மாட்டியிருந்தார். கையில் பெரியம்மாவின் முகம் பொறித்த பித்தளைத் தகடு. அந்தச் செல்களின் மரபணுத் தகவல் முழுவதையும் இணையத்தில் வெளியிட அவருக்கு எங்கள் சம்மதம் வேண்டும். செப்டம்பரில் நான் சேர இருப்பது அவருடைய ஆய்வகத்தில்தான்.

"நீ சயன்ஸ் படிச்ச பொண்ணு ஜொனெல். நீ சொன்னா கேப்பாங்க," என்றார் என்னிடம் தனியாக.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவர் கேட்கவில்லை.

தகட்டைக் கொடுத்தவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "மறைந்த ஓசெல்லா அம்மையாருக்கு," என்று சொல்லி, தன் பாட்டிலைத் திறந்து புல்லில் ஊற்றினார்.

வெயிலுக்கு வீசிக்கொண்டிருந்த கைவிசிறிகள் நின்றன.

"சார்," என்றார் க்ளியோஃபஸ் மாமா. "அந்தத் தண்ணிய திரும்ப எடுங்க."

"புல்லு குடிச்சிருச்சே மாமா," என்று யாரோ சொல்ல, சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. என்னிடம் திரும்பினாள். "பேர் கூப்பிடுடி."

இந்த வருடம் என் முறை. இறந்தவர்களை முடித்தேன். இருப்பவர்களில் அம்மாவின் பெயர் வந்தது.

"வெர்னீஸ் காஸ்கின்ஸ்."

"இருக்கேன்."

பட்டியலில் அடுத்து மாமா. நான் அவரைக் கூப்பிடவில்லை.

"ஓசெல்லா காஸ்கின்ஸ்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். அம்மா எழுந்து நின்றாள்.

"இருக்கா!"

மேசைக்கு மேசை அதே சொல் எழுந்தது. அடங்கும்வரை டாக்டர் காத்திருந்தார்.

"மனசு புரியுதும்மா. ஆனா இதுல பல உயிர் பிழைக்கும். சம்மதம்னு..."

"இல்ல சார்," என்றேன். "பிழைக்கட்டும். செல்லுகளத் திருப்பிக் கேக்கல. ஆனா அந்தத் தகவல்ல ஏறக்குறையப் பாதி எங்கம்மாவோடது, கால்வாசி என்னோடது. எங்களுக்கு என்ன வியாதி வரும்னு ஊரே படிக்கும். தரமாட்டோம். இனிமே ஒவ்வொரு சோதனைக்கும் எங்ககிட்ட கேட்டுட்டுத்தான் செய்யணும்."

"செப்டம்பர்ல வர்றேதானே?" மெதுவாகத்தான் கேட்டார்.

"வருவேன். இதையேதான் அங்கயும் சொல்லுவேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் தகட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று தெரியாமல் அதையே பார்த்தார்.

அம்மா ஒரு தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சீஸ் மக்ரோனி வைக்கட்டுமா டாக்டர்? நாங்க கேட்டுட்டுத்தான் வைப்போம்."