அரைத் திருகு

1

இந்தக் கதை ஒரு நிபந்தனையோடு என் கைக்கு வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக்கடையில் லோகப்பிரியா நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "எழுதுங்க. ஆனா நான் மயக்கம் போட்டு உழுந்தாப்பல மட்டும் எழுதிப்போடாதீங்க" என்றாள். இந்தத் தொண்ணூற்றாறில், முதுகில் காற்று டேங்க் மாட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குகிற பெண் கோயமுத்தூரில் வேறு யார் இருக்கிறார்கள்? (உங்களுக்குத் தெரிந்தால் என்னிடம் சொல்லுங்கள். அவளிடம் வேண்டாம்.)

முதல் வரி: 'இருண்ட கிணற்றின் ஆழத்தில் அவள் நினைவு மெல்ல மங்கி' — சரி, விட்டுவிட்டேன். வாக்கு வாக்குதான்.

2

அவள் அப்பா அரங்கசாமிக்குப் பீளமேட்டில் வால்வு செய்கிற பட்டறை. மகள் லட்சத்தீவு போய் ஸ்கூபா கற்று வந்ததில் அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. வெள்ளகோவில் பக்கம் காளிச்சாமி என்பவரின் கிணற்றில் மோட்டார் அறுந்து விழுந்துவிட்டது என்று கேட்டதும், "எங்க அம்மணி எடுத்துக் குடுக்குமுங்க" என்று சொல்லிவிட்டார். அவள் இடுப்புப் பெல்ட்டுக்கு ஈயக் கட்டிகளும் பட்டறையிலேயே வார்த்தார், தாராளமாக.

"வெயிட்டு சாஸ்தியா இருந்தா வெரசா எறங்கலாமல்ல கண்ணு?"

"எறங்கறது பெரிசில்லீங்கப்பா. அங்க நடுத்தண்ணில நிக்கோணும்."

கிணற்றுப்படியில் இரண்டு கட்டிகளைக் கழற்றி வைத்தாள். கடல் தூக்குகிற அளவு கிணற்றுத் தண்ணீர் ஆளைத் தூக்காது. மூச்சை இழுத்து மிதந்தபோது தண்ணீர் கண்மட்டத்தில் நின்றது, விட்டதும் மெதுவாக இறங்கினாள். அதுதான் சரியான எடை.

(எடைப் பாடம் எதற்கு என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.)

3

மோட்டாரை நெருங்கும்போது மூச்சு கெட்டியானது. இழுத்தால் வரவில்லை. காற்றுமானியைப் பார்த்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் கீழே விழுந்து மறுபடி எழுந்தது. டேங்கில் காற்று இருக்கிறது, வால்வுதான் சரியாகத் திறந்திருக்கவில்லை.

அவள் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே பிடித்திருப்பவர் அரங்கசாமி. சுண்டினால் போதும், வாளியைச் சேந்துவதுபோல் சேந்திவிடுவார். அந்த வேகத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். அவள் சுண்டவில்லை.

பயந்தாள் என்று எழுதலாமா? கேட்டேன். "பயந்தேனுங்க. அத எழுதிக்கோங்க."

இடது கையால் டேங்கின் அடியை மேலே தள்ளி, வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வால்வின் பிடியைத் தேடினாள். இரண்டு கையும் முதுகுப்பக்கம். அந்த இரண்டு ஈயக் கட்டிகளும் இடுப்பில் இருந்திருந்தால் இந்நேரம் சேற்றில் அமிழ்ந்திருப்பாள். அவளோ நடுத்தண்ணீரில் அப்படியே நின்றாள். பிடி திரும்பியது. காற்று வந்தது. மோட்டாரில் அதைத் தூக்கும் கயிற்றைக் கட்டிவிட்டு, மூச்சை விட்டுக்கொண்டே, தன் நீர்க்குமிழிகளை முந்தாமல் மேலே வந்தாள்.

இதை எழுதும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது.

4

கரையில் அரங்கசாமி ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எறங்கறக்கு முன்னாடி வால்வ நாந்தானுங்க பார்த்து உட்டேன். முழுசாத் தொறந்து, அரைத் திருகு திருப்பி வெச்சேன். எங்க பட்டறைப் பழக்கமுங்க."

அவள் ஏற்கெனவே முழுக்கத் திறந்து வைத்திருந்த வால்வு அது. மேற்கொண்டு நகராததால் மூடியிருக்கிறது என்று நினைத்து, மறுபக்கம் கடைசிவரை திருகி மூடிவிட்டு, பழக்கப்படி அரைத் திருகு மட்டும் திருப்பித் திறந்திருக்கிறார். மேலே மூச்சுக்கு அது போதும். ஆழத்தில் போதாது.

முடிவு: 'எல்லோர் முன்னாலும் லோகப்பிரியா' — வேண்டாம், பெருமையில் மலர்ந்த அப்பாவின் முகத்தை யார் வாடவைப்பது? வேறு முடிவு: 'அவள் சிரித்துக்கொண்டே பேசாமல்' — அதுவும் ஆகாது, அடுத்த முறையும் அவர் கை வால்வுக்கு வரும்.

போன் செய்து அவளையே கேட்டேன்.

"அப்பாகிட்ட இன்னும் சொல்லலீங்க. நாஞ் சொன்னா, 'எனக்கே வால்வு சொல்லித்தர்றியா'ம்பாரு. அச்சுல வந்தா நம்புவாருங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

ஆகவே, அரங்கசாமி அய்யா, இது உங்களுக்கு எழுதியது. உங்கள் மகள் கீழே என்ன செய்தாள் என்பது இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறது. ஊரெல்லாம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேறொரு கிணறு இருக்கிறதாம். டேங்கை மாட்டிக்கொண்டு உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். அப்போது உங்கள் கை எங்கே இருக்கும் என்பதை நான் எழுதப்போவதில்லை.