‘கலக்கிறது’ என்ற சொல்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘வால்வு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் விரிப்புகளை ஆறு பெரிய இயந்திரங்கள் துவைத்து முடித்ததும் அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவது அவள் வேலை. தொட்டியில் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும். ஆனால் அதற்கான பம்ப் ஓடினால் கரண்ட் வீண் என்று மேனேஜர் பம்ப் அறையைப் பூட்டி இரண்டு வருஷமாகிறது. நுரை பொங்கப் பொங்கத் தண்ணீர் நேராகப் பின்பக்கத்து ஏரிக்குப் போனது.

முப்பத்தெட்டு வயதில் அவள் தொலைதூரக் கல்வியில் சுற்றுச்சூழல் படிக்கச் சேர்ந்தபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் தன் லேப்டாப்பைக் கொடுத்தாள். அவளுக்கும் அதே சலவைக்கூடத்தில், ஆபீசில் வேலை.

மூன்றாம் மாதம், நீர் மாசு பற்றிக் கணினியில் கருத்து வரைபடம் போடச் சொன்னார்கள். கட்டங்களுக்குள் பெயர்கள், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி, அம்பின் மேல் ஒரு வினைச்சொல். மற்றவர்கள் பாடத்தைப் பார்த்துத் ‘தொழிற்சாலைகள்’, ‘நீர்நிலைகள்’ என்று போட்டார்கள். அவளுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. ‘எங்கள் சலவைக்கூடத்துத் தண்ணீர்’ என்று ஒரு கட்டம் போட்டாள். அடுத்தது ‘பின்பக்கத்து ஏரி’. நடுவில் அம்பு, அதன் மேல் ‘கலக்கிறது’. ஏரியிலிருந்து தெருக் கிணறுகளுக்கு இன்னொரு அம்பு: ‘ஊறுகிறது’. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ‘நான்’ என்று ஒரு கட்டம் வரைந்தாள். அதிலிருந்து இறங்கிய அம்பில் ‘திறந்துவிடுகிறேன்’ என்று எழுதினாள்.

வரைபடம் இருந்தது வகுப்பு முழுவதும் பார்க்கிற இணையப் பலகையில். யாரோ யாருக்கோ அனுப்ப, இரண்டே நாளில் மேனேஜர் கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் பாடம் நடத்தும் ஆசிரியர் போன் செய்தார்.

“நல்லா பண்ணியிருக்கீங்கம்மா. ஆனா பொதுவா ‘தொழிற்சாலைகள்’னு போட்டுடுங்க. ‘கலக்கிறது’ங்கறத ‘கலக்கக்கூடும்’னு மாத்திடுங்க. உங்க கம்பெனிலேருந்து போன் மேல போன்.”

“கூடுமா? தினம் எட்டு தடவை திறக்கறதே நான்தான் சார்.”

“மாத்தலைன்னா மார்க் குறையும்.”

“குறைச்சுக்கோங்க சார்.”

பக்கத்தில் நின்ற நாத்தனார் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அண்ணி, நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும். ஒரு அம்புதானே? அழிச்சுடுங்களேன்.”

“அம்பை அழிச்சா தண்ணி நின்னுடுமா? நிக்கும்னு சொல்லு, இப்பவே அழிக்கறேன்.”

நாத்தனார் லேப்டாப்பை மூடி வைத்தாள்.

மறுநாள் காலை அவள் ஏரிப் பக்கத்து வால்வை மூடிவிட்டுத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். பதினோரு மணிக்குத் தொட்டி நிரம்பித் தளும்பியது. தண்ணீர் போக வழியில்லாமல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஈர விரிப்புகள் மலையாகக் குவிந்தன. மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“திறம்மா அதை!”

“பம்பைப் போடுங்க சார். ஏரிக்கு இனிமே நான் திறக்க மாட்டேன்.”

“வேலையை விட்டே தூக்கிடுவேன்!”

“தூக்குங்க. அப்பவும் திறக்க மாட்டேன்.”

வால்வைத் திறக்கச் சொல்லி மேனேஜர் இயந்திரக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவருக்குத் திடீரென்று தோள் வலி. இன்னொருவர் தலையைச் சொறிந்தபடி, “அது அக்கா டிபார்ட்மென்ட் சார், நாங்க கை வெச்சா தப்பாயிடும்” என்றார். தானே திறக்கலாம் என்று மேனேஜர் போனார்; பிடி அசையவில்லை. அவள் முழு பலத்தையும் போட்டு மூடியிருந்தாள்.

அப்போது ஆபீஸ் கதவு திறந்தது. நாத்தனார் வந்து பம்ப் அறைச் சாவியை மேனேஜர் முன்னால் நீட்டினாள்.

“நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்துடும் சார்.”

பம்ப் முதலில் துருவைத் துப்பியது, அப்புறம் ஓடியது. அன்றிலிருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வரைபடத்துக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று கிடைத்தது. பாஸ்தான். ஆனால் அந்த வாரமே வகுப்பில் ஒருவர் ‘தொழிற்சாலைகள்’ என்பதை அழித்துவிட்டுத் தான் வேலை பார்க்கும் பெயின்ட் கிடங்கைப் போட்டிருந்தார்.

அவளை விரிப்பு மடிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டு, நிறுவனத்தின் பெயரைக் கெடுத்ததாக மேனேஜர் ஒரு கடிதம் நீட்டினார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் நிதானமாக இரண்டு தடவை படித்தாள். பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே எழுதினாள்:

“படித்தேன். ஏற்கவில்லை.”