இடது கையும் வலது கையும்

டிவி விளையாட்டில் வலது பக்கத்து பேட் நடுங்கத் தொடங்கியது ஆவணி மாதத்தில். முதலில் பார்வதி அதைத் தன் கை நடுக்கம் என்றுதான் நினைத்தாள். அன்று காலையிலிருந்து ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்றுக்குக் காயில் சுற்றியிருந்தாள், விரல்கள் ஓய்ந்திருந்தன. குமிழை விட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். யாரும் தொடாமலேயே டிவி திரையின் வலது ஓரத்தில் அந்த வெள்ளைக் கோடு மேலும் கீழுமாக உதறிக்கொண்டிருந்தது. பந்து வந்தது. நடுங்கும் கோட்டுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

பிஸ்கட் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து நீளும் இரண்டு ஒயர், ஒயரின் முனைக்கு ஒரு குமிழ். குமிழைத் திருகினால் திரையில் பேட் ஏறும், இறங்கும். அவள் புருஷன் லோகநாதன் இரண்டு வருஷத்துக்கு முன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது, ஒரு சின்ன டிவியோடு சேர்த்து இதையும் கொண்டுவந்திருந்தான். லீவு நாற்பது நாள். நாற்பது நாளும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இருவரும் எதிரும் புதிருமாக ஆடினார்கள். முதல் வாரம் அவன் ஜெயித்தான். இரண்டாவது வாரத்திலிருந்து அவளை அவனால் பிடிக்க முடியவில்லை. "இன்னாமே நீ, பந்து எங்க வரும்னு அதுக்கே தெரியறதுக்கு முன்னாடி உனக்குத் தெரியுது" என்று சிரித்தான். பிறகு அவன் போனான். மாதம் ஒரு கடிதம் வந்தது, அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. போன புரட்டாசியோடு அதுவும் நின்றது.

இடையில் எப்போதோ அவள் தனியாக ஆடப் பழகியிருந்தாள். அவன் உட்கார்ந்த பக்கத்துக்கு இடது கை, தன் பக்கத்துக்கு வலது கை. தொடக்கத்தில் வலது கைதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. இடது கை மெல்லக் கற்றுக்கொண்டது. இப்போது இரண்டில் எதுவும் தோற்பதில்லை. டொக், டொக் என்று அரை மணி நேரம்கூடப் பந்து குறுக்கே போய்வந்துகொண்டிருக்கும். அது சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அந்த அரை மணி நேரம் வேறெதுவாகவும் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ரிப்பேர் செய்வது அவளுக்குப் புதிதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் லோகநாதனுடைய மோட்டார் ரிப்பேர் ஷெட்டில் கூடமாட வேலை செய்து, சுற்றுக் கணக்கெல்லாம் அவனைவிட நன்றாகக் கற்றுக்கொண்டவள். அவன் துபாய்க்குப் போன பிறகு ஷெட்டை மூடச் சொன்னார்கள், அவள் மூடவில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் பம்புசெட் மோட்டார் புகைந்தால் மாட்டுவண்டியில் ஏற்றி அவளிடம் கொண்டுவந்தார்கள். பொம்பளையா என்று முதல் வருஷம் கேட்டவர்கள் இரண்டாவது வருஷம் கேட்கவில்லை. அதனால் பெட்டியைப் பிரிக்க அவள் யோசிக்கவில்லை. குமிழுக்குள் இருந்தது ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கண்ட்ரோல் போலவே ஒரு சாமான். உள்ளே கரித்தடம் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு ரேடியோ கடையில் புது வால்யூம் கண்ட்ரோல் வாங்கிவந்து பற்றவைத்தாள். நடுக்கம் நின்றது. ஆனால் பேட் விசித்திரமாக நடந்துகொண்டது. குமிழைப் பாதிவரை திருகினாலும் கீழேயே ஊர்ந்தது; அதற்குமேல் நூல் அளவு திருகினால் ஒரே எகிறாக உச்சிக்குப் போனது. மீட்டரை வைத்து, கால் சுற்றுக்கு ஒருமுறை அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். எழுதி முடித்ததும் புரிந்தது. காதுக்காகச் செய்த சாமான் இப்படித்தான், முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும். இதற்கு வேண்டியது ஒரே சீராக ஏறும் லீனியர் வகை. அதற்கு மெட்ராஸ்தான் போக வேண்டும்.

அதே வாரத்தில் மாமனார் பச்சமுத்து ஷெட்டு வாசலில் வந்து நின்றார். கழனியிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது.

"ஏம்மா, உன்ன ஒண்ணு கேக்கலாமா? அவன துபாய்க்கு அனுப்பின ஏஜென்சிகாரன் ஆபீசாண்ட ஒரு தபா போயி விசாரிச்சிகினு வர்றியா? நான் போனா எவன் பதில் சொல்றான்?"

அவர் இதைக் கேட்கப் பல மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

"சரி மாமா. எனக்கும் ரிச்சி தெருவுல ஒரு சாமான் வாங்க வேண்டியது கீது" என்றாள். இரண்டில் எதற்காகப் போகிறோம் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். செங்கல்பட்டு தாண்டியும் பதில் கிடைக்கவில்லை.

ஏஜென்சி மண்ணடியில் ஒரு மாடியில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பேரேட்டைப் புரட்டி, விரலை ஒரு வரியில் நிறுத்தினார்.

"லோகநாதன், தகப்பனார் பச்சமுத்து. மோட்டார் வைண்டர். இவரு காண்ட்ராக்ட் முடிஞ்சு போன ஐப்பசியிலயே வந்துட்டாரேம்மா."

"எங்க வந்துட்டாரு?"

"எங்கன்னா? இங்கதான். நேர்ல வந்து சர்டிபிகேட் வாங்கிக்கினு போயிருக்காரு. இதோ கையெழுத்து."

பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். 'லோ'வின் காலை நீளமாக இழுத்து அடியில் ஒரு புள்ளி வைத்திருந்தது. அவனுடையதுதான்.

"நீங்க அவருக்கு இன்னா வேணும்?"

"சொந்தம்" என்றாள்.

குமாஸ்தா கையெழுத்துக்குப் பக்கத்தில் அவன் எழுதியிருந்த விலாசத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ராஜகுளம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், அவள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்.

படியிறங்கித் தெருவில் நின்றாள். ஒருமுறை ஷெட்டில் மெயின் ஆஃப் என்று நினைத்து ஒயரைத் தொட்டபோது தோள்வரை ஷாக் அடித்தது. வலி அப்போது தெரியவில்லை. கை யாருடையதோ போலப் பக்கத்தில் தொங்கியது. அதற்கு உணர்வு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதும் அப்படிச் சற்று நேரம் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஒரு மீன்பாடி வண்டிக்காரன் ஒதுங்கச் சொன்னான். ஒதுங்கினாள். பிறகு ரிச்சி தெருவுக்கு வழி கேட்டு நடந்தாள்.

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வூட்டுக்காரர் சீட்டு எதுனா எழுதிக் குடுத்தாராம்மா?"

"இல்ல. எனக்குத்தான். இருநூத்தம்பது கே, லீனியர். ரெண்டு குடுங்க."

அவர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மீட்டரில் மாட்டி அவளிடமே கொடுத்தார். மெதுவாகத் திருகினாள். முள் ஒரு துடிப்பும் இல்லாமல், ஒரே சீராக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. அன்றைக்கு அவள் பார்த்த ஒழுங்கான விஷயம் அது ஒன்றுதான். திரும்பவும் ஒருமுறை திருகிப் பார்த்தாள்.

வந்த வழியே தாம்பரம் பஸ் ஏறியிருக்கலாம். காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறினாள். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர். அழுகை வருமோ என்று முந்தானையைக் கையிலேயே வைத்திருந்தாள். ஆனால் மனம் புதிதாக வாங்கிய சாமானின் தண்டு நீளமாக இருப்பதையும், அதை எத்தனை நூல் அளவுக்கு அறுக்க வேண்டும் என்பதையுமே நினைத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் "ராஜகுளம் எறங்கறவங்க கீறீங்களா?" என்று குரல் கொடுத்தபோது எழுந்து நின்றது தான்தான் என்பது இறங்கிய பிறகே தெரிந்தது.

தேட வேண்டியிருக்கவில்லை. மெயின் ரோட்டிலேயே சிமெண்டு ஓடு போட்ட ஒரு ஷெட். உள்ளே லோகநாதன் கைமிஷினில் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். தலைமுடி முன்பக்கம் கொட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தான். பார்த்தும் கை நிற்கவில்லை. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நடுவில் விட்டால் கணக்கு போய்விடும், எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். அவளும் அவன் முடிக்கட்டும் என்று நின்றாள். அவள் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள் என்று தோன்றியது. சுற்றி முடித்து, கம்பியை அறுத்து, முனையை மடித்தான்.

"வந்தியா" என்றான்.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பின்பக்கம் ஒரு சின்ன அறை திறந்துகிடந்தது. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டாவதாக ஏதாவது இருக்கிறதா என்று தன் கண் தேடுவதை அவளே கவனித்தாள்.

"யாரும் இல்ல" என்றான்.

"தெரியுது. ஏன்யா வூட்டுக்கு வரல?"

பிளேடை எடுத்துக் கம்பியின் பூச்சைச் சுரண்டினான். "வரணும்னுதான் வந்தேன். ரெண்டு நாளு கழிச்சிப் போலாம்னு நெனச்சேன். அப்புறம் தீபாவளி போவட்டும்னு. அப்புறம் பொங்கலு. நாளு ஆவ ஆவ, இன்னா சொல்லிகினு வந்து நிக்கறதுன்னு தெரியல."

"அங்க எதுனா ஆச்சா?"

"ஒண்ணும் ஆவல. யாரும் அடிக்கல, ஏமாத்தல. நாலு வருசம் ஒரே ரூமு, எட்டு பேரு. வேலைக்கிப் போவறது, வர்றது, படுக்கறது. ஒருத்தர்கிட்டயும் பேசறதில்ல. அது பழகிப்போச்சு பார்வதி. மனுசாளுங்களப் பாத்தாலே பேஜாரா கீது."

ஸ்பானரைத் தேடுவதுபோல அவள் தனக்குள் கோபத்தைத் தேடினாள். வைத்த இடத்தில் அது இல்லை. அவன் சொன்னது புரிந்துவிட்டதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. மத்தியான வேளையில், இரண்டு குமிழையும் பிடித்துக்கொண்டு, யாராவது கதவைத் தட்டினால் தானும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

"நைனா எப்டி கீறாரு?"

"கீறாரு. கண்ணுதான் கொஞ்சம் மங்கல்."

அவள் மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பார்த்தான். அவள் கொடுத்தாள். பிரித்து ஒன்றை எடுத்து விரலால் திருகினான்.

"அந்த பொட்டிக்கா? லீனியரா?"

"ஆமா."

"நானா இருந்தா வால்யூம் கண்ட்ரோலு போட்டிருப்பேன்."

"நானும் போட்டேன். எகிறுது."

அவன் சிரித்தான். பழைய சிரிப்புதான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. பொட்டலத்தை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அவள் எழுந்துகொண்டாள்.

"நைனாகிட்ட சொல்லிடுவியா?"

"கேப்பாரு. சொல்லுவேன்."

"நான்... வரட்டுமா?"

ரோட்டில் ஒரு லாரி தூசி கிளப்பிக்கொண்டு போனது. "ஷெட்ட இப்ப நான்தான் நடத்துறேன். ரெண்டு பேரு ஒக்காந்து சுத்தறதுக்கு எடம் கீது. வர்றதுன்னா வா. ஆனா இன்னொரு தபா நான் தேடிகினு வர மாட்டேன்."

அவன் தலையாட்டினானா, குனிந்தானா என்று தெரியவில்லை. அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அவன் ஷெட்டு வாசலில்தான் நின்றிருந்தான். கையில் அந்தப் பிளேடு இன்னும் இருந்தது.

ஊருக்கு வந்துசேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். பச்சமுத்து பஸ் நிற்கும் புளியமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் நடந்ததை மறைக்கவில்லை. ஐப்பசி, கையெழுத்து, ராஜகுளம் என்று வரிசையாகச் சொன்னாள். தன் குரல் ரேடியோவில் யாரோ செய்தி வாசிப்பதுபோல் அவளுக்கே கேட்டது.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல மாமா."

"தனியாவா கீறான்?"

"தனியாத்தான்."

அவர் எழுந்துகொண்டார். வீடு வரைக்கும் அவளுக்கு முன்னால் நடந்தார். போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு, சாப்பிடாமலேயே தண்ணீர் ஊற்றினார். அவள் சாப்பிட்டாள். பசித்தது. பிறகு தண்டை அறுத்து, இரண்டு குமிழுக்கும் புதுச் சாமான் வைத்துப் பற்றவைத்தாள். டிவியைப் போட்டதும் இரண்டு கோடும் அசையாமல் நின்றன. திருகினால் திருகிய அளவுக்கு ஏறின. பந்து புறப்பட்டது. டொக். டொக்.

இதுவரை அந்த அறைக்குள் எட்டிப் பார்க்காத பச்சமுத்து அன்று வந்து நிலைப்படியில் நின்றார். பந்து போகிற பக்கமெல்லாம் அவர் தலையும் போனது.

"இதுல அவன் எந்தப் பக்கம் ஆடுவான்?"

"இந்தப் பக்கம்" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள். அந்த நேரத்தில் பந்து இடது ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"காஞ்சிபுரம் பஸ்ஸு காத்தால எத்தினி மணிக்கும்மா?"

"ஏழே காலுக்கு ஒண்ணு மாமா. அப்பால ஒம்பதரைக்கு."

மறுநாள் விடிந்ததும் அவர் கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். கொல்லையில் பிடுங்கிய வேர்க்கடலையை மண் போகக் கழுவி மஞ்சப்பையில் நிரப்பினார். பையோடு பஸ் நிற்கும் புளியமரத்தை நோக்கி நடந்தார். மனுஷாளைப் பார்த்தாலே பேஜார் என்று அவன் சொன்னதை நேற்றே மாமனாரிடம் சொல்லியிருக்கலாமோ என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. என்னவென்று சொல்வது? ஷெட்டைத் திறந்து, மிஷினில் புதுக் கம்பியை மாட்டினாள். ஷெட்டிலிருந்து பார்த்தால் புளியமரம் நேரே தெரியும்.

நூற்று நாற்பதாவது சுற்றில் ஏழே கால் பஸ்ஸின் சத்தம் கேட்டது. அவள் எண்ணிக்கையை விடாமல் கண்ணை மட்டும் தூக்கினாள். பஸ் நின்றது. தலையில் கூடையோடு இருந்த ஒருத்தி ஏறினாள். கண்டக்டர் படியில் தொங்கியபடி பச்சமுத்துவிடம் ஏதோ கேட்டார். பதிலுக்கு இவரும் ஏதோ சொல்லி, ஓர் அடி பின்னால் நகர்ந்தார். விசில் கேட்டது.

பஸ் போய்ப் புழுதி அடங்கியபோது வெள்ளைச் சட்டை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. பஸ் போன திசையைப் பார்த்தபடி, பையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். ஈரக் கடலையிலிருந்து வடிந்த தண்ணீர் அவர் காலடியில் சொட்டிக்கொண்டிருந்தது.